ஒன்றுக்கு முன்னால் ஒன்று

எட்டுப் புளியங்கொட்டைகளை முன்னால் பரப்பி எத்தனை என்று கேட்டால் என் மகள் ஏழு என்பாள். எட்டு எடுத்து வை என்றால் ஒன்பது வைப்பாள். அந்த வருடம் அவள் இரண்டாம் வகுப்பில் படித்தாள். அந்த வகுப்புக்கு ஆசிரியை நான்.

நாங்கள் இருந்தது பரந்தன் சந்தியிலிருந்து மூன்று கட்டை தூரம் உள்ளே, வாய்க்கால் ஓரமாகக் காடு வெட்டிப் பிரித்துக் கொடுத்த குடியேற்றக் காணிகளில் ஒன்றில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் மாரியில், மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் வலிப்பு எடுத்தது. வண்டிலில் கிடத்திக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். எட்டு நாள் கழித்துத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை தப்பினது பெரிய காரியம், தங்கச்சி. ஆனா கொஞ்சம் கவனிச்சுப் பாத்துக்கொள்ளும். சிலதுகளுக்கு உதுக்குப் பிறகு மூளை மந்தமா இருக்கும்."

நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் கவனித்துப் பார்த்தேன். அடுத்த மூன்று வருடமும் அதைத்தான் செய்தேன். சட்டைப் பொத்தானை மாறிப் போட்டால் நெஞ்சு திக்கென்றது. கூப்பிட்டதும் திரும்பாவிட்டால் திக்கென்றது. மற்றப் பிள்ளைகளும் பொத்தானை மாறிப் போடுகிறார்கள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயனில்லை.

முதலாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு வந்தது. அப்போதெல்லாம் கணக்கு என்றால் வாய்ப்பாடு. ஐந்து வகுப்பும் ஒரே நீளக் கொட்டிலில், நடுவில் கிடுகுத் தட்டிகள். ஒரு வகுப்பு ஓரிரண்டு இரண்டு என்று இழுத்தால் அடுத்த வகுப்பு அதைவிட உரத்து இழுக்கும். மகளும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ஒரு பிழையும் இல்லை.

நான் எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தவள், ஆசிரியப் பயிற்சி பெறாதவள். எங்களைப் போன்றவர்களுக்காக மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளிநொச்சியில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். அங்கே, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற ஒரு வித்தியாதரிசி வந்து சின்ன வகுப்புகளுக்குக் கணக்குக் கற்பிக்கும் புது முறையைச் சொன்னார். பிள்ளைகளின் வாயிலிருந்து கணக்கைப் பிடுங்கி அவர்கள் கையில் கொடுங்கள் என்றார். கொட்டை, ஈர்க்கு, சிரட்டை, மணல், எது கிடைக்கிறதோ அதை அவர்கள் தொடவேண்டும், கூட்டவேண்டும், பிரிக்கவேண்டும். உதடு அசைகிற பிள்ளை கிளிப்பிள்ளை. கை அசைகிற பிள்ளைதான் யோசிக்கிறது. நான் அதை அப்படியே கொப்பியில் எழுதினேன். 'உதடு அசையக்கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

சொன்னதைச் செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். அந்தக் கிழமையே ஒரு பால்மாத் தகரம் நிறையப் புளியங்கொட்டை கழுவிக் காயவைத்தேன். ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு முறித்துப் பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டப் பிள்ளைகளைப் பழக்கினேன். வாசலில் மணல் குவித்து, ஒரு கொத்து நிறைய எத்தனை சுண்டு மணல் வேண்டும் என்று அவர்களே அளந்து பார்க்க விட்டேன். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொட்டிலின் நீளத்தை அளந்தோம். கிணற்றடி வரைக்கும் அளந்தோம்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு வகுப்பை நான் கண்டதில்லை. அதுவரை ஒரு கேள்விக்கும் வாய் திறக்காத, குளத்தடியிலிருந்து வருகிற ஒரு பெட்டை பத்து ஈர்க்குக் கட்டு ஒன்றை அவிழ்த்து, கடன் வாங்கிக் கழித்துக் காட்டிவிட்டு, "ரீச்சர், கட்டை அவிட்டாத் திரும்பக் கட்டவேணுமெல்லோ? இல்லாட்டி அடுத்த கணக்குக்கு என்ன செய்யிறது?" என்று என்னையே கேட்டாள். மழைக்கும் வெயிலுக்கும் பள்ளிக்கு வராதவர்கள் வந்தார்கள்.

என் மகள் மட்டும் கீழே போனாள்.

வாயால் சொல்லும்போது வந்த கணக்கு கைக்கு மாறியதும் அவளை விட்டுப் போய்விட்டது. எண்ணச் சொன்னால் ஒன்று குறைவு. எடுத்து வைக்கச் சொன்னால் ஒன்று கூட. மூன்றும் நாலும் எத்தனை என்றால் கொட்டைகளை வைத்து, கூட்டி, எட்டு என்பாள். எட்டில் மூன்று போனால் நாலு என்பாள். ஒருநாள் கூடுகிறது, ஒருநாள் குறைகிறது என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு கொப்பியில் அவளுடைய பிழைகளை எல்லாம் எழுதி வைத்து, மத்தியானத்தில் சோறு வடிய விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மூளைக்கும் அதில் ஒரு ஒழுங்கு தட்டுப்படவில்லை.

இதைவிட என்னைக் கலக்கியது இன்னொன்று. எண்ணத் தொடங்கும்போது அவளுடைய விரல் முதற்கொட்டையின்மேல் ஒரு கணம் நிற்கும். மற்றப் பிள்ளைகளின் விரல் தட்டித் தட்டி ஓடும். அவளுடையது முதலாவதில் நின்று, பிறகுதான் நகரும். அந்த ஒரு கணத்தில் அவள் முகம் எங்கேயோ போயிருப்பது போல இருக்கும். வலிப்புக்கு முதல்நாள் பாயில் கிடந்து முகட்டைப் பார்த்த முகம் எனக்கு நினைவு வரும்.

இதையெல்லாம் நான் யாருக்குச் சொல்வது? வீட்டில் கடிதம் எழுதுவது என் வேலை. என் புருஷனுக்கோ கையெழுத்துப் போடவே பொறுமை கிடையாது. இவருடைய அக்கா, என் மச்சாள், யாழ்ப்பாணத்தில் இருந்தா. கலியாணமாகிப் பதினான்கு வருடம், பிள்ளை இல்லை. மாதம் தவறாமல் அவவுக்கு எழுதுவேன். ஒரு மாதம் நெல்லையும் மழையையும் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் மகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்றுதான் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

பதில் வந்தது. 'பிள்ளையை இங்கே விடும். இங்கே நல்ல டொக்டர்மார் இருக்கினம், நல்ல பள்ளிக்கூடம் இருக்குது. அந்தக் காட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு இருந்து பிறகு அழுது பிரயோசனம் இல்லை. நான் என்ர பிள்ளையாப் பாப்பன்.'

இவருக்கு வாசித்துக் காட்டினேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் கழுவி முடித்து அதைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு. நீரும் ஒவ்வொரு நாளும் கண்ணைக் கசக்கிறீர். கார்த்திகைச் சோதினையைப் பாப்பம். மூண்டாம் வகுப்புக்கு ஏத்தினா இஞ்சை நிக்கட்டும். இல்லாட்டி அக்காவோட போகட்டும். என்ன சொல்லுறீர்?"

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. புருஷன் கேட்டால் ஓம் என்பது எனக்குச் சுவாசம் போல. அதோடு, அவர் கேட்டது நியாயமாகவும் பட்டது. நான் வைத்திருந்து பிள்ளை கெட்டுப் போனால்?

அன்றிலிருந்து ஐந்து மாதம். பள்ளிக்கூடத்தால் வந்து, சோறு தின்று, பொழுது சாயும் முன் குசினிக்குள் நானும் அவளும். அம்மிக்குப் பக்கத்தில் சாணம் மெழுகிய தரையில் கொட்டையைப் பரப்புவேன்.

"எண்ணு."

உதடு அசையும்.

"வாயை மூடு. கையால எண்ணெண்டெல்லோ சொன்னனான்."

"கையாலதான் எண்ணுறன் அம்மா."

"அப்ப வாய் ஏன் ஆடுது?"

"அது தன்ரபாட்டில ஆடுது."

ஒருநாள் என் இரண்டு விரலால் அவளுடைய உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எண்ணச் சொன்னேன். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட முட்ட, அவள் விரலை நகர்த்தினாள். முதற்கொட்டையில் நின்றாள். நகர்ந்தாள். ஆறு கொட்டை. ஐந்து என்றாள். பிறகு அவளாகவே பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணப் பழகிவிட்டாள். உதடு அசையவே இல்லை. புதுமுறையில் எங்கள் வகுப்பிலேயே திறமாகப் பழகியவள் அவள்தான். விடை மட்டும் பிழை.

கொட்டையை விட்டு ஈர்க்குக்கு மாறினேன். ஈர்க்கை விட்டுச் சிரட்டைக்கு. மணலை அளந்து பார்த்தபோது வகுப்பு முழுக்க ஒரே விடை சொன்னது. அவள் ஒன்று குறையச் சொன்னாள். பொருள்தான் பிழையோ, முறைதான் பிழையோ, நான்தான் பிழையோ என்று மாறி மாறி யோசித்தேன். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்ப வாய்ப்பாட்டுக்குப் போகலாமா என்றும் நினைத்தேன். ஆனால் அதில் வந்ததெல்லாம் வெறும் பாட்டாக இருந்தால், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால், அதைப் பாட்டால் மூடி வைப்பது யாரை ஏமாற்ற? மற்ற முப்பது பிள்ளைகள் கையால் படித்து மேலே வருகிறபோது இவள் மட்டும் வராதது எதைக் காட்டுகிறது? அப்போதிக்கரி சொன்னதைத்தான் காட்டுகிறது என்று ஒவ்வொரு மாலையும் அதே இடத்தில் வந்து நிற்பேன்.

ஆவணியில் சிறுபோக நெல்லை வெட்டி, மாடு கட்டிச் சூடு அடித்தார்கள். மாசியில் போலவே இவர் மகளைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பெண்கள் சூடு அடிக்கிற களத்துக்குப் போவதில்லை. சின்னப் பெட்டைகள் போகலாம். நான் சோற்றுப் பானையைக் கட்டி அனுப்புவதோடு சரி. அவள் தலைமயிரெல்லாம் வைக்கோலோடு வந்து, களைத்து நித்திரையாகிப் போவாள். அந்த மூன்று நாளும் கணக்குச் செய்ய முடியவில்லையே என்று நான் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கார்த்திகை வந்தது. மழை கொட்டிலின் இரண்டு இடத்தில் ஒழுகியது. வகுப்பேற்றச் சோதனையைத் தலைமை வாத்தியார்தான் எடுப்பார். அவர் தண்ணீரூற்றுப் பக்கத்து மனிதர், சொந்தமாக வயலும் செய்கிறவர். வயது போய்விட்டது, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. என் மகள் என்பதற்காக அவர் ஒரு புள்ளியும் கூடப் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவும் மாட்டேன். மச்சாள் முதல்நாளே ரயிலில் வந்து வீட்டில் நின்றா. இரண்டு புதுச் சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தா.

அன்று நான் மகளுக்கு இரண்டு பின்னலும் இறுக்கிப் பின்னி விட்டேன். வழி முழுக்க அவள் கையைப் பிடித்தபடி நடந்தேன். பள்ளி வாசலில் கையை விட்டதும் வழக்கம்போல, "போட்டு வாறன் ரீச்சர்" என்றாள். அங்கே அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

தலைமை வாத்தியார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மேசையில் கொட்டை. அவர் ஒரு பிடி எடுத்து வைப்பார், எத்தனை என்பார். பிறகு ஒரு கூட்டல், ஒரு கழித்தல். என் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பிழையில்லாமல் செய்தார்கள். குளத்தடிப் பெட்டையிடம், "உனக்கு ஆர் பிள்ளை உதெல்லாம் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். வேறொரு நாளாக இருந்தால் அந்த நிமிஷம் எனக்குப் போதும்.

என் மகளின் முறை வந்தது. ஒரு பிடி கொட்டை வைத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை நகர்த்தினாள்.

"எட்டு."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். திரும்ப நிமிர்ந்தார்.

"எனக்குக் கண் மட்டு, மோனை. நீ என்ன செய்யிறாய் எண்டு வடிவாத் தெரியேல்லை. வாயால எண்ணு. எனக்குக் கேக்கத்தக்கதா எண்ணு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயால் எண்ணலாமா என்று கண்ணால் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். வித்தியாதரிசியின் சொல்லை மீறி நான் தலையாட்டியது அதுதான் முதல் தரம்.

விரலை முதற்கொட்டையில் வைத்தாள்.

"லாபம்" என்றாள். நகர்ந்தாள். "ஒண்டு. ரண்டு. மூண்டு. நாலு..."

எட்டில் முடிந்தது. மேசையில் ஒன்பது கொட்டை.

பின்வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள். தலைமை வாத்தியார் சிரிக்கவில்லை. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதலாவதை ஏன் மோனை எண்ணேல்லை?"

"எண்ணினனான். லாபம் எண்டு."

"அது ஆருக்கு?"

"பிள்ளையாருக்கு." இது தெரியாதா என்பது போல அவரைப் பார்த்தாள். "மிச்சந்தான் எங்கட."

"சரி. எட்டு வை. அதில மூண்டு எடு. எத்தினை மிச்சம்?"

வைத்தாள், எடுத்தாள், எண்ணினாள். "நாலு."

"பிள்ளையாரையும் சேத்து?"

"அவரையும் சேத்தா அஞ்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், உங்கட மகள் எண்ணிறது களத்துக் கணக்கு. நெல் அளக்கேக்குள்ள முதல் அளவை லாபம் எண்டு சொல்லிக் கோயிலுக்கு வைக்கிறதெல்லோ, அது. என்ர ஐயாவும் உப்பிடித்தான் அளந்தவர். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. கொட்டை நெல்லில்லை எண்டு ஆரும் அவளுக்குச் சொல்லேல்லை, அவ்வளவுதான்."

நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறை எண்ணத் தொடங்கும்போதும் ஒரு லாபம். எடுத்து வைத்தால் ஒன்று கூடும். எண்ணிச் சொன்னால் ஒன்று குறையும். கூட்டலில் இரண்டு தரம் வைத்து ஒரு தரம் எண்ணுவதால் ஒன்று கூட. கழித்தலில் ஒன்று குறைய. கொப்பியில் எழுதி வைத்த ஐந்து மாதப் பிழைகளும் என் தலைக்குள் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டு வந்தன. விரல் நின்ற அந்த ஒரு கணமும்தான். அவள் எங்கேயும் போகவில்லை. கடவுளுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அவளுடைய உதட்டைப் பிடித்து மூடாமல் இருந்திருந்தால் முதல் நாளே அந்தச் சொல் என் காதில் விழுந்திருக்கும்.

"மூண்டாம் வகுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. மழை விட்டிருந்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஆறு வயதுப் பிள்ளை, கால் இரண்டும் என் முழங்காலில் அடித்தன. "இறக்கி விடுங்கோ ரீச்சர்" என்றாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா" என்றாள்.

இவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். மச்சாள் குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சிரித்தார்.

"ஓம், நான் அப்பிடித்தானே அளக்கிறனான். முதல் பெட்டி பிள்ளையாருக்கு, பிறகுதான் எண்ணிக்கை. அவள்தான் பக்கத்தில குந்தியிருந்து எண்ணினவள். மாசியிலயும் எண்ணினவள், ஆவணியிலயும் எண்ணினவள். ஒரு பெட்டி பிழைக்கேல்லை. களத்தில நிண்ட ஆக்களெல்லாம் அதிசயப்பட்டவை."

நான் அவரையே பார்த்தேன்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே. பள்ளிக்கூடக் கணக்கு வேறயாக்கும் எண்டு நினைச்சன். படிச்ச நீர் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு ஏலாது, ஏலாது எண்டு அழேக்குள்ள எனக்கென்ன தெரியும்?"

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. பிள்ளை மந்தம் என்று அந்த வீட்டில் நினைத்தது நான் ஒருத்திதான். நான் நினைத்ததால் அவர் நம்பினார். நான் எழுதியதால் மச்சாள் நம்பினா.

மச்சாள் வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து மகளின் தலையைத் தடவினா. அவவுடைய முகம் உண்மையாகவே மலர்ந்திருந்தது.

"பாத்தியே தம்பி? நான் அப்பவே சொன்னனான் பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு. இவ்வளவு மூளையுள்ள பிள்ளையை உந்தக் காட்டுக்குள்ள, கிடுகுக் கொட்டிலுக்குள்ள வைச்சு என்ன செய்யப்போறியள்? எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடத்தில கதைச்சு வைச்சிருக்கிறன். தையோட சேக்கலாம்."

இவர் என்னைப் பார்த்தார். "அக்கா சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு" என்றார்.

அதே வாக்கியம். நான் நின்ற இடத்தில் நின்றேன். மந்தமென்றால் யாழ்ப்பாணம். கெட்டிக்காரி என்றாலும் யாழ்ப்பாணம். ஐந்து மாதம் பிள்ளையின் வாயைப் பொத்தி, அடித்து, அழவைத்து, ஒரு விடைக்காகக் கிடந்தேன். அந்த விடைக்கும் நான் பயந்த காரியத்துக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. வேண்டாம் என்ற ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கணக்கை அவளைக் கொண்டு செய்வித்தேன்.

"நான் தரமாட்டன் மச்சாள்" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? நானோ கேட்டது? நீரெல்லோ எழுதினீர். உம்மட கடிதம் இன்னும் என்ர அலுமாரிக்குள்ள கிடக்கு."

"ஓம், நான்தான் எழுதினனான். பிழை."

"அப்ப தம்பி ஓமெண்டது?"

"நானும்தான் ஓமெண்டனான். அதுவும் பிழை."

இவர் வைக்கோல் கட்டைக் கீழே போட்டார். என்னை அவர் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. கோபமா என்று தெரியவில்லை. வேறு யாரோ வந்து வாசலில் நிற்பது போலப் பார்த்தார்.

மச்சாள் குனிந்து மகளிடம் கேட்டா. "குஞ்சு, மாமியோட வாறியே? அங்க ரயில் பாக்கலாம், ஐஸ்பழம் வாங்கித் தருவன்."

"அம்மாவும் வாறாவோ?"

"அம்மா இஞ்சை படிப்பிக்க வேணுமெல்லே."

மகள் யோசித்தாள். "ரயில் பாத்திட்டு அண்டைக்கே வரலாமோ?" என்று கேட்டாள்.

மச்சாள் நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போனா. அன்று அவ சாப்பிடவில்லை. அடுத்தநாள் காலமை இவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரந்தனில் விட்டுவிட்டு வந்தார். நனைந்து வந்தவர் துவாய்த்துண்டால் தலையைத் துடைத்தபடி, "அக்கா ஸ்டேசனில நிண்டு அழுதவா" என்றார். "பிள்ளைக்கெண்டு ஒரு அறை ஒதுக்கி வைச்சவவாம்." அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மச்சாள் பிள்ளையில்லாமல் இருந்த அந்தப் பதினான்கு வருடத்தை நான் ஒரு தரம்கூட நினைக்கவில்லை.

இப்போது மகள் மூன்றாம் வகுப்பில். தட்டிக்கு அந்தப் பக்கம், வேறு வாத்தியாரிடம். என் வகுப்பில் நான் இப்போது பிள்ளைகளை வாய்விட்டு எண்ண விடுகிறேன். கொட்டையும் இருக்கிறது, சத்தமும் இருக்கிறது. பக்கத்து வகுப்பிலிருந்து அமளி என்று முறைப்பாடு வருகிறது. வித்தியாதரிசி வந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மகளுக்குக் கொட்டையும் நெல்லும் வேறு என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளையாருக்கு வைக்கத் தேவையில்லை என்றேன். ஏன் தேவையில்லை என்று கேட்டாள். ஆனாலும் நான் சொன்னபடியே செய்கிறாள். சொன்னதைச் செய்கிற பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டதோ என்று பார்க்கப் பயமாக இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிரம்பு வைத்திருப்பவர். கணக்குப் பிழைத்தால் உள்ளங்கையில் அடி. அந்தச் சத்தம் தட்டிக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். போன கிழமை ஒருநாள் மூன்று அடி விழுந்தது, பிறகு ஒரு பெண்பிள்ளை விம்முகிற சத்தம். கையில் இருந்த ஈர்க்குக் கட்டைப் போட்டுவிட்டு, என் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, தட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

அழுதது குளத்தடிப் பெட்டை. என்னிடம் பத்துக் கட்டு அவிழ்த்துக் கட்டப் படித்தவள். கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். என் மகள் இரண்டாம் வாங்கில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதை நினைக்கவே கூசுகிறது. அப்படியே திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.